கையெழுத்து உங்களோடது, கேள்வி மட்டும் ஏன் தலையாரிகிட்ட போகுது

வாசகர் கடிதம் (சுருக்கி போட்டிருக்கேன், ஊர் பேர் எடுத்துட்டேன்):

"மேடம், எனக்கு வயசு 33. பண்ருட்டி பக்கம் ஒரு கிராமத்துல வி.ஏ.ஓ.வா இருக்கேன், குரூப் 4 மூணாவது தடவை எழுதி வந்த வேலை. ஆபீஸுக்கு வர்றவங்க நான் சேர்ல உக்காந்திருக்கறத பாத்துட்டே வாசல்ல நிக்கிற தலையாரிகிட்ட போய் 'சார் இல்லையா'ன்னு கேக்குறாங்க. ஃபெஞ்சல் புயலப்போ பயிர் சேதம் கணக்கெடுக்க முட்டி அளவு தண்ணில நடந்தது நான், ஊரு நன்றி சொன்னது அவருக்கு. வீட்ல, சம்பளம் ஏறின அன்னிக்கே என் ஏடிஎம் கார்டு வீட்டுக்காரர் கைக்கு போயிடும், அவரு எடுத்து அத்தைகிட்ட குடுத்துடுவாரு, பஸ்ஸுக்கு காசு வேணும்னாலும் நான் அத்தைகிட்டதான் கேக்கணும். அவரு அடிக்க மாட்டாரு, திட்டவும் மாட்டாரு. 'உனக்கு ஆளுமை பத்தல, அதான் ஆபீஸ்லயும் ஒருத்தனும் மதிக்கல'ன்னு சொல்லி புதுச்சேரில ஏதோ ஆளுமை வளர்ச்சி கிளாஸாம், 8,000 ரூபா கட்டி சேர சொல்றாரு. என்னை அடக்கி வச்சிருக்கறதும் ஒரு பொம்பளதானே மேடம், அப்புறம் இத எப்படி ஆம்பளை பொம்பளை பிரச்சனைன்னு சொல்றது? நான்தான் மாறணுமா?"

பதில்:

முதல்ல அந்த 8,000 ரூபாய கட்டாதீங்கம்மா. உங்க கடிதத்த நான் நாலு தடவை படிச்சேன், அதுல ஆளுமை இல்லாத ஒரு பொண்ணு எங்கயும் தென்படல. மூணு தடவை குரூப் 4 எழுதி, புயல்ல தண்ணில இறங்கி கணக்கெடுத்து, தன் நிலைமைய இவ்வளவு தெளிவா எழுத முடிஞ்ச ஒருத்தருக்கு கிளாஸ்ல உக்காந்து கத்துக்க வேண்டியது எதுவும் இல்ல. நான் 27 வருஷம் புதுச்சேரில சமூகவியல் எடுத்தவ, ரிட்டயர் ஆனப்புறம் வாரத்துல ரெண்டு நாள் குடும்ப ஆலோசனைக்கு உக்காருறேன், அந்த ரெண்டு அனுபவத்தையும் வச்சுதான் இத சொல்றேன்.

எனக்கும் இது நடந்திருக்கு. டிபார்ட்மெண்ட் ஹெட்டா இருந்தப்போ ஆய்வுக்கு வந்த குழு என் ரூமுக்குள்ள நுழைஞ்சு, என் எதிர்ல ஃபைலோட நின்ன ஜூனியர் லெக்சரருக்கு கை குடுத்துட்டு எங்கிட்ட காபி சொல்ல சொன்னாங்க. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல, என் குரல் சின்னதா இருந்துச்சா, அந்த காட்டன் பொடவை வேணாமா இருந்துச்சா, எழுந்து நின்னது தப்பான்னு ஒவ்வொன்னா யோசிச்சேன். நான் வகுப்புல சொல்லிக்குடுக்குற பாடம்தான் அது, ஆனா எனக்குன்னு வந்தப்போ தப்ப என் மேல தேடுனேன். நீங்களும் இப்போ அங்கதான் தேடுறீங்க.

தமிழ்ல செல்வாக்குன்னு ஒரு வார்த்தை இருக்கு பாருங்க, செல்லுற வாக்கு. பேசுறது எல்லாருக்கும் முடியும், பேசின வாக்கு செல்லணும், அது செல்றது பேசுறவங்க கையில மட்டும் இல்ல, கேக்குறவங்க கையிலயும் இருக்கு. ஏழை சொல் அம்பலம் ஏறாதுன்னு சொல்றோம்ல, அந்த ஏழை சரியா பேசலன்னு அந்தப் பழமொழி சொல்லவே இல்ல, அம்பலம் ஏத்திக்கலன்னுதான் சொல்லுது. மாக்ஸ் வெபர்னு ஒரு ஜெர்மன் சமூகவியலாளர், 1920-ல செத்துட்டாரு, அவரு இதத்தான் ரெண்டா பிரிச்சு வச்சாரு. எதிர்ப்பு இருந்தாலும் தான் நெனச்சத நடத்திக்க ஒருத்தருக்கு இருக்குற வாய்ப்பு ஒன்னு, அது வலு. ஒரு கட்டளை போட்டா இன்ன ஆளுங்க அதுக்கு கட்டுப்படுவாங்கங்கிற வாய்ப்பு இன்னொன்னு, அது ஆணை. ரெண்டுக்குமே நாம அதிகாரம்னு ஒரே வார்த்தைய போட்டுடறதால பதவி வந்தாச்சே, அதிகாரமும் வந்தாச்சேன்னு நெனச்சுக்கறோம். ஆணைக்கு எதிர்ல ஒருத்தர் 'ஆமா, இவங்க சொன்னா கேக்கணும்'னு நம்பணும். அந்த நம்பிக்கை எங்கேர்ந்து வருதுன்னு கேட்டு வெபர் மூணு வழி சொன்னாரு: காலங்காலமா இப்படித்தான்ங்கிற வழக்கம், ஒரு தனி மனுஷரோட கவர்ச்சி, அப்புறம் எழுதி வச்ச சட்டம், விதி. வழக்கத்தால வர்ற ஆணைக்கு அவரு காட்டுன அடிப்படை உதாரணமே வீட்டுப் பெரிய ஆம்பளைதான்.

இப்போ நீங்க உக்காந்திருக்குற நாற்காலிய பாருங்க. அது ஒரு காலத்துல ஊர்க் கணக்கு எழுதுன கர்ணம், வரி வசூலிச்ச முன்சீப் உக்காந்த நாற்காலி, அப்பனுக்கு அப்புறம் மகன், மகனுக்கு அப்புறம் பேரன்னு ஒரு சில குடும்பத்துக்குள்ளயே சுத்துன பதவி. 1980 நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு அந்தப் பதவிங்கள ஒழிச்சுது, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 1982-ல கோர்ட்டு அது செல்லும்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம்தான் பரீட்சை எழுதி வர்ற வி.ஏ.ஓ. முறை நிலைச்சுது. 1989-ல அரசு வேலைல பொண்ணுங்களுக்கு 30 சதவீதம் ஒதுக்குனாங்க, 2021-ல அத 40 ஆக்கப்போறதா அறிவிச்சாங்க. அதாவது வழக்கத்தால வந்த ஆணைய எடுத்துட்டு சட்டத்தால வர்ற ஆணைய வச்ச நாற்காலி உங்களோடது, எங்க படிப்புல மாணவங்களுக்கு காட்ட இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனா சட்டம் மாறுற வேகத்துல ஊரோட பழக்கம் மாறாது. இன்னிக்கும் பெரியவங்க சிலர் வி.ஏ.ஓ.வ மணியக்காரர்னு கூப்புடுறத நீங்களே கேட்டிருப்பீங்க, மணியக்காரம்மான்னு சொன்னா மணியக்காரர் பொண்டாட்டின்னுதான் அர்த்தம். அந்த நாற்காலில உக்காந்த பொம்பளைக்கு ஊரு பேச்சுல ஒரு பேரே கிடையாது. அதனாலதான் உள்ள வர்ற ஆளோட கண்ணு உங்கள தாண்டி ஒரு ஆம்பளைய தேடுது, அவரு உங்கள அவமானப்படுத்தணும்னு கிளம்பி வரல, கண்ணு பழகின எடத்துக்கு போகுது.

செசிலியா ரிட்ஜ்வேன்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர் இதத்தான் பல வருஷமா ஆராய்ச்சி பண்ணாங்க. புதுசா ஒருத்தர பாத்ததும் நாம முதல்ல பிரிச்சுக்கறது ஆணா பொண்ணான்னு, அந்தப் பிரிவோடவே யாருக்கு விஷயம் தெரியும், யாரு முடிவெடுப்பாங்கங்கிற எதிர்பார்ப்பும் சேந்து வந்துடுது, அப்புறம் அந்த எதிர்பார்ப்புப்படியே எல்லாரும் நடந்துக்க, அது உண்மை மாதிரியே ஆயிடுது. உங்க ஆபீஸ்ல நடக்கறது அச்சு அசலா இது. எல்லாரும் தலையாரிகிட்ட கேக்க, அவரு எல்லாருக்கும் பதில் சொல்லி சொல்லி இன்னும் விஷயம் தெரிஞ்சவரா ஆகுறாரு, உங்ககிட்ட யாரும் கேக்காததால உங்களுக்கு ஊரு தெரியாதுங்கிற பேரு நிலைக்குது. இன்னொரு அம்மா, ரோசபெத் மாஸ் கேன்ட்டர், 1977-ல ஒரு பெரிய கம்பெனிய ஆராய்ஞ்சு எழுதுனதுல சொன்னது உங்க வீட்டுக்காரர் பேச்சுக்கு நேர் பதில். பொம்பளைங்க சுபாவம்னு சொல்லப்பட்ட பல குணம், அதாவது தயக்கம், சின்ன விஷயத்த புடிச்சு தொங்குறது, மேல போக ஆசைப்படாதது, இதெல்லாம் வழியில்லாத பதவில மாட்டிக்கிட்ட ஆம்பளைங்ககிட்டயும் அப்படியே இருந்துச்சு. பதவியோட வலு எவ்வளவோ அதுக்கு ஏத்த குணம் வந்து ஒட்டிக்குது. நாம அத தலைகீழா புரிஞ்சுக்கிட்டு குணத்துக்கு மருந்து தேடுறோம்.

சரி, ஆபீஸ்ல என்ன பண்றது. நான் கேக்குற கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க. ஆபீஸ் சாவியும் பீரோ சாவியும் யார்கிட்ட இருக்கு? சான்றிதழ் கேட்டு வர்றவங்க போன் பண்றது யாரு நம்பருக்கு? அடங்கல், சிட்டா, அ பதிவேடுன்னு நிலக் கணக்கு புஸ்தகங்கள எடுத்து விரிக்கறது யாரு கை? ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வரும்போது ஊர சுத்திக் காட்டுறது யாரு? அதிகாரம் ஆகாசத்துல இல்லம்மா, இந்த மாதிரி சாவிலயும் நம்பர்லயும்தான் இருக்கு, பெரும்பாலும் வேலை சுலபமாகும்னு நெனச்சு நாமளே ஒவ்வொன்னா குடுத்துடறோம். சாவிய வாங்குங்க. வாசல்ல ஒரு போர்டு வைங்க, உங்க பேரு, பதவி, நீங்க ஆபீஸ்ல இருக்குற நேரம், அரசு வேலைக்குன்னு தனியா ஒரு நம்பர். மேசைய வாசல் பாத்து போடுங்க, உள்ள நுழையறவங்க கண்ணுல முதல்ல நீங்க படணும். சான்றிதழுக்கு இ-சேவைல விண்ணப்பம் வந்தா அத உங்க லாகின்ல நீங்களே திறந்து, சம்பந்தப்பட்டவருக்கு நீங்களே போன் போட்டு 'நான் வி.ஏ.ஓ. பேசுறேன், இன்ன பேப்பர் குறையுது'ன்னு சொல்லுங்க, 20 பேருக்கு சொன்னா போதும், 21-வது ஆளு நேரா உங்ககிட்ட வருவாரு.

தலையாரிய பகைச்சுக்காதீங்க. அவரு உங்க நாற்காலிய பறிச்சவரு இல்ல, ஊரு அவர் கையில அத திணிக்குது. எந்த வரப்பு யாரோடது, எந்த பங்காளிங்களுக்குள்ள எந்த பலா மரத்துக்கு சண்டைங்கிற அறிவு அவர்கிட்ட உண்மையாவே இருக்கு, அது உங்களுக்கு வேணும். தனியா உக்கார வச்சு மரியாதையா ஒரே ஒரு விஷயம் கேளுங்க: 'யாராவது உங்ககிட்ட கேட்டா மேடம்கிட்ட கேளுங்கன்னு சொல்லிடுங்கண்ணா, தெரிஞ்ச விஷயமா இருந்தாலும்.' அந்த ஒரு வரிய அவரு ஒரு மாசம் சொன்னாருன்னா ஊரோட பாதி பழக்கம் திரும்பிடும், ஏன்னா உங்க ஆணைய அவரு ஏத்துக்கறத ஊரு கண்ணால பாக்கும். சொல்ல மாட்டேன்னு நின்னா எழுத்துல வேலைய பிரிச்சுக் குடுங்க, தாசில்தாருக்கு ஒரு நகல் போகட்டும். அதுக்கும் உங்களுக்கு உரிமை இருக்கு.

உங்க கடிதத்துல சாதி பத்தி ஒரு வரி இல்ல. வேணும்னே விட்டீங்களா, இல்ல சொல்ற அளவுக்கு ஒன்னும் நடக்கலயான்னு எனக்கு தெரியாது, ஆனா கேக்காம போக எனக்கு மனசு வரல. நம்ம கடலூர் மாவட்டத்துலயே 2020 அக்டோபர்ல தெற்குத்திட்டை ஊராட்சில, தேர்தல்ல ஜெயிச்சு வந்த பட்டியலின பெண் தலைவர தரையில உக்கார வச்சு கூட்டம் நடத்துன போட்டோ நாடு முழுக்க போச்சு, நாற்காலில மத்தவங்க, தரையில தலைவர். இங்க புதுச்சேரில சுமார் 40 வருஷத்துக்கு அப்புறம் அமைச்சரான ஒரு பொண்ணு சந்திர பிரியங்கா, 2023 அக்டோபர்ல ராஜினாமா பண்ணப்போ சாதி ரீதியாவும் பொம்பளைங்கிறதாலயும் தாக்குதலுக்கு ஆளானேன்னு கடிதத்துலயே எழுதுனாங்க. அமைச்சரா இருந்தவங்களே அப்படி எழுத வேண்டி வந்துச்சு. உங்க விஷயத்துலயும் அது கலந்திருந்தா நான் மேல சொன்ன போர்டும் மேசையும் பத்தாது, தேதி நேரத்தோட குறிச்சு வைங்க, சங்கத்துல சொல்லுங்க, அது சட்டத்துக்குள்ள வர்ற வேற விஷயம்.

இனி வீடு. இதுக்குத்தான் நான் அதிக நேரம் யோசிச்சேன்.

'அவரு அடிக்க மாட்டாரு, திட்டவும் மாட்டாரு'ன்னு எழுதியிருக்கீங்க, அத ஒரு நல்ல குணமா எழுதியிருக்கீங்க. ஸ்டீவன் லூக்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் சமூகவியலாளர் 1974-ல எழுதுனது, அதிகாரத்தோட ரொம்ப ஆழமான வடிவம் சண்டையே வராம பாத்துக்கறது, எதிராளி இதுதான் இயல்புன்னு நெனச்சு கேள்வியே கேக்காம இருக்க வைக்கறதுன்னு. மாசா மாசம் கார்ட நீட்டுறீங்க, அவரு வாங்கிக்கறாரு, எங்கயும் ஒரு சத்தம் கிடையாது, அதனால அது அதிகாரமாவே உங்க கண்ணுக்கு படல. ஆனா சாயங்காலம் பஸ் காசுக்கு அடுப்படி வாசல்ல நிக்குறப்போ உங்க உடம்புக்கு அது தெரியுது, தெரிஞ்சதாலதான் எனக்கு எழுதுனீங்க. இன்னொன்னும் சொல்லிடறேன், 2005-ல வந்த குடும்ப வன்முறை தடுப்பு சட்டத்துல பொருளாதார வன்முறைன்னு ஒன்னு எழுதியே வச்சிருக்காங்க, ஒரு பொண்ணுக்கு சேர வேண்டிய பணத்த அவ கைக்கு கிடைக்காம பண்றதும் அதுல வருது, அடி உதை இருந்தாதான்னு இல்ல. உங்கள கோர்ட்டுக்கு போங்கன்னு நான் சொல்லல. நீங்க கேக்கப்போறது யாரோ போடுற பிச்சை இல்ல, சட்டம் உங்க பக்கம் நிக்குதுன்னு தெரிஞ்சுட்டு பேசுங்கன்னுதான் சொல்றேன்.

அப்புறம் நீங்க கேட்ட நல்ல கேள்வி, அடக்குறது ஒரு பொம்பளைதானேன்னு. இந்தக் கேள்விக்கு டெனிஸ் காண்டியோட்டின்னு துருக்கில பொறந்த ஒரு அம்மா 1988-ல ஒரு கட்டுரைல பதில் எழுதிட்டாங்க. ஆணாதிக்கத்தோட பேரம் பேசுறதுன்னு அதுக்கு பேரு. நம்ம மாதிரி ஊருங்கள்ல கல்யாணமாகி வர்ற பொண்ணு அந்த வீட்ல எல்லாருக்கும் கீழ தொடங்குறா, மகன பெத்து, வருஷக்கணக்கா அடங்கிக் கிடந்து, கடைசில மருமகள் வரும்போதுதான் அவ கைக்கு ஒரு ஆள் மேல ஆணை வருது. அவ அந்த முறைய காப்பாத்த நிக்குறது அது அவளுக்கு நல்லது பண்ணதால இல்ல, அது தர்றதா சொன்ன ஒரே கூலி அதோட கடைசிலதான் இருக்குங்கிறதால. உங்க அத்தைக்கு இப்போ 60-க்கு மேல இருக்கும்னு வச்சுக்குவோம். தமிழ்நாட்டுல 1989-ல பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல பங்குன்னு சட்டம் வந்துச்சு, ஆனா அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு கிடையாதுன்னும் அதே சட்டத்துல இருந்துச்சு. 2005-ல மத்திய சட்டம் வந்து அந்த ஓட்டைய அடைக்கறதுக்குள்ள எத்தனையோ வீட்ல பாகம் பிரிச்சு பத்திரம் போட்டாச்சு. அவங்க அப்பன் வீட்டு நிலத்துல அவங்களுக்கு ஒரு குழி கிடைச்சுதா, அவங்க பேர்ல என்னிக்காவது ஒரு பேங்க் புஸ்தகம் இருந்துச்சான்னு ஒரு நாள் மெதுவா கேட்டு பாருங்க. இல்லன்னா அவங்க புடிச்சிருக்கறது உங்க சம்பளத்த இல்ல, தன் வயசான காலத்த. மகன் மாறிட்டா, மருமக கை ஓங்கிட்டா தன் கதி என்னங்கிற பயம் அது. நீங்க அவங்கள ஜெயிக்கணும்னு கிளம்புனா ரெண்டு பொம்பளைங்க சண்டை போட, சுவத்துக்கு அந்தப் பக்கம் டிவி பாத்துட்டு இருக்குற உங்க வீட்டுக்காரர் மேல யாரு பார்வையும் படாது. ஆம்பளைங்க ஒரு வார்த்தை பேசாமலே இந்த முறையில லாபம் பாக்குறது இப்படித்தான்.

அவரோட பேசும்போது ஆளுமை பத்தி பேச்ச எடுக்க விடாதீங்க, வேலையும் காசும் மட்டும் பேசுங்க. 2024-ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, வீட்டு வேலைல கை வைக்கறவங்கள்ல பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செய்யறாங்க, ஆம்பளைங்க 88 நிமிஷம். உங்க வீட்டுக்கு அந்த கணக்க ஒரு வாரம் நோட்ல எழுதி பாருங்க, அவரையும் எழுத சொல்லுங்க. நீங்க ஊரு பூரா பயிர் கணக்கு எடுத்தவங்க, இது உங்களுக்கு பெரிய வேலையில்ல. அந்த நோட்ட வச்சுட்டு பேசுனா, 'நீ எப்பவும் இப்படித்தான்'னு ஆரம்பிக்கறதுக்கு அங்க எடமே இருக்காது.

கார்டு விஷயத்துல கேட்டு அனுமதி வாங்காதீங்க, சொல்லிட்டு செய்ங்க. 'வர்ற மாசத்துலேர்ந்து கார்டு என்கிட்ட இருக்கும், வீட்டுக்கு இவ்வளவு நான் போட்டுடறேன்' அவ்வளவுதான். ஒரு நாள் லீவு போட்டு ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துட்டு பேங்க் கிளைக்கு நேர்ல போங்க. கணக்கோட எந்த மொபைல் நம்பர் சேந்திருக்குன்னு முதல்ல பாருங்க, ஓடிபி அவரு போனுக்கு போச்சுன்னா கார்டு உங்க பர்ஸ்ல இருந்தும் பிரயோஜனம் இல்ல. மொபைல் நம்பர மாத்துங்க, கார்டோட பின் நம்பரையும் மாத்துங்க, வீட்டு செலவுக்கு ஒரு தொகை மாசாமாசம் தானா போற மாதிரி எழுதிக் குடுங்க. முதல் ரெண்டு மாசம் வீட்ல முகம் தூக்கி வச்சுக்குவாங்க, பேச்சு கொறையும், அது வரும்னு தெரிஞ்சே இருங்க, அதுக்கு பயந்து கார்ட திருப்பி நீட்டிடாதீங்க. முகம் தூக்கறத தாண்டி மிரட்டலோ கை ஓங்குறதோ வந்தா அன்னிக்கே பெண்கள் உதவி எண் 181-க்கு போன் பண்ணுங்க, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடாதீங்க.

அத்தைக்கு குடுக்குற தொகைய மட்டும் மகன் கை வழியா குடுக்காதீங்க. அவங்கள கூட்டிட்டு போஸ்ட் ஆபீஸ் போங்க, நீங்களும் அவங்களும் மட்டும். அவங்க பேர்ல ஒரு சேமிப்பு கணக்கு திறந்து, மாசம் உங்களால முடிஞ்சத அதுல போடுங்க, ஆயிரமோ ஐநூறோ, நம்பர் அவங்க போன் நம்பரா இருக்கட்டும், புஸ்தகம் அவங்க டிரங்கு பெட்டில இருக்கட்டும், அதுல என்ன இருக்குன்னு நீங்களும் கேக்காதீங்க, அவங்க மகனும் கேக்க வேண்டாம். கவுண்டர்ல ஃபாரத்த நீங்க நிரப்புங்கம்மா, தினம் நிரப்புற கைதானே, கையெழுத்து போடுற எடத்துல விரல வச்சு காட்டிட்டு பேனாவ அவங்ககிட்ட குடுங்க.